மகன் டெக்சஸ் போகிறான்: பல்கலைக்கழகத்திடம் நான் எதைக் கேட்க வேண்டும்?

யீஷூன் டீச்சர் | 20 ஏப்ரல் 2025

வணக்கம். இங்கே நான் இதுவரை எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இப்போது கேட்க வேறு இடம் தெரியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 20 வயது. இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவச் சேவை, ஜூனில் முடிகிறது. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் கிடைத்திருக்கிறது. மே 1க்குள் பதில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். அவன் அப்பா கோப்பிக்கடையில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

போன வியாழக்கிழமை ராத்திரி. மறுநாள் புனித வெள்ளி என்பதால் பையன் முகாமிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தான். பன்னிரண்டரை மணி வாக்கில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் விளக்குக்கூடப் போடாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னப்பா, தூங்கலையா?" என்றேன். "ஃப்ளோரிடால சுட்டுட்டாங்கம்மா. யூனிவர்சிட்டில" என்றான்.

டலஹாசியில் இருக்கும் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே அப்போது நண்பகல் நேரம். மாணவர்கள் கூடும் கட்டடத்துக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஆறு பேருக்குக் காயம். சுட்டதாகப் பிடிபட்டவன் அதே இடத்தில் படிக்கிற பையன். அவனுக்கும் 20 வயது. அவனுடைய சிற்றன்னை ஷெரிஃப் அலுவலகத்தில் காவல் அதிகாரி, அவர் முன்பு பணியில் வைத்திருந்த கைத்துப்பாக்கிதான் அவன் கைக்குப் போயிருக்கிறது.

நான் பாலர் பள்ளி ஆசிரியர். பதினெட்டு வருஷமாகத் தலை எண்ணுவதுதான் என் வேலை. வகுப்பை விட்டு விளையாட்டுத் திடலுக்குப் போகும்போது ஒரு தடவை, திடலில் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை. எம்.ஆர்.டியில் கூட்டிப்போனால் ரயில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும். பதினைந்து என்றால் பதினைந்து இருக்க வேண்டும். கழிவறையில் ஒருத்தி இருந்தால்கூட அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லித்தான் அடுத்த அடி வைப்போம்.

பையன் முதன்முதலில் சுடும் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து சொன்னது அதனால்தான் மனதில் நின்றுவிட்டது. சுட்டு முடித்ததும் காலித் தோட்டா உறைகளைப் புல்லில் குனிந்து பொறுக்கி எண்ணுவார்களாம். அன்றைக்கு ஒன்று குறைந்தது. ஒரே ஒரு உறை, சுண்டுவிரல் நீளம் இருக்குமா? மழையில் வரிசையாக முழங்காலில் நகர்ந்து, டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம். கடைசியில் ஒரு பையனின் சட்டைக்கை மடிப்புக்குள் இருந்தது. அதற்கப்புறமும் ஒவ்வொருவராக நின்று, என்னிடம் தோட்டாவோ காலி உறையோ எதுவும் இல்லை என்று உரக்கச் சொன்ன பிறகே லாரியில் ஏறவிட்டார்கள். அன்று அவன் குளித்துவிட்டு வந்தபோது இரண்டு முழங்காலும் சிவந்து கிடந்தன. நான் தைலம் தேய்த்துக்கொண்டே, இவ்வளவு எண்ணுகிற ஊரில் நம் பிள்ளை இருக்கிறான் என்று நிம்மதிப்பட்டேன்.

இங்கே எதுவும் நடக்காது என்று சொல்லவில்லை. 2021 ஜூலையில் ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் 13 வயதுப் பிள்ளையை 16 வயதுப் பையன் கோடரியால் கொன்ற அன்று, எங்கள் பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் ஒருவர்கூடப் பேசவில்லை. அந்தக் கோடரியை அவன் இணையத்தில் வாங்கியிருந்தான். மனசு உடைந்த பிள்ளை எங்கேயும் இருக்கிறான், தெரியும். ஆனால் அவன் கையில் இருந்தது துப்பாக்கியாக இருந்திருந்தால் அன்று எத்தனை வகுப்பு காலியாகியிருக்கும்?

என் கேள்வி இதுதான். டெக்சஸில் வளாகத்துக்குள்ளேயே துப்பாக்கி வைத்திருக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா? எந்த அளவுக்கு? பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டு நான் என்ன கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்? "பயப்படாதீங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். போகவே வேண்டாம் என்று சொல்ல நான் இன்னும் தயாராக இல்லை. அவன் நான்கு வருஷமாக ஆசைப்பட்டது.

*

தெம்பனிஸ் செல்வன் | 20 ஏப்ரல்

அக்கா, ஆஸ்திரேலியா அனுப்புங்க. 1996ல் அங்கே போர்ட் ஆர்தரில் ஒருவன் சுட்டு 35 பேர் செத்ததும், சில மாதங்களில் சட்டத்தை மாற்றி லட்சக்கணக்கான துப்பாக்கிகளை மக்களிடமிருந்து காசு கொடுத்து வாங்கி அழித்த நாடு அது. பெர்த் அஞ்சு மணி நேரம்தான். நெனச்சா போய்ப் பார்த்துட்டு வரலாம்.

*

ஆஸ்டின் தம்பி | 21 ஏப்ரல்

அக்கா, நான் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் பையன். 2013ல் இங்கே படிக்க வந்து, இங்கேயே வேலை பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆமாம், உண்மைதான். நான் படித்துக்கொண்டிருந்தபோதே, 2016 ஆகஸ்ட் 1 அன்று அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியைப் பாருங்கள்: சரியாக ஐம்பது வருஷம் முன்பு, 1966 ஆகஸ்ட் 1 அன்றுதான் இதே வளாகத்தின் கோபுரத்தில் ஏறி நின்று ஒருவன் கீழே போனவர்களைச் சுட்டான். கோபுரத்துக்குப் பக்கத்தில் ஆமைகள் இருக்கும் சின்னக் குளம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் இறந்தவர்களின் பெயர் செதுக்கிய கல்லை வைத்ததும் அதே நாள். காலையில் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று அழுதவர்களைப் பார்த்தேன். அன்றிலிருந்தே பக்கத்தில் நடப்பவர் பைக்குள் துப்பாக்கி இருக்கலாம் என்றும் ஆனது. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

சட்டம் இதுதான்: உரிமம் வாங்கியவர் மட்டும், மறைத்து மட்டும் கொண்டுவரலாம். வெளியே தெரிகிற மாதிரி வளாகத்துக்குள் கூடாது. 2021க்குப் பிறகு டெக்சஸ் தெருவில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள், ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் உரிமம் இன்னும் வேண்டும். சில இடங்களில் வாசலிலேயே தடை அறிவிப்பு இருக்கும். விடுதி அறைகளில் மாணவர் வைத்துக்கொள்ளப் பொதுவாக அனுமதி இல்லை. ஐந்து வருஷம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு துப்பாக்கியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்ததா என்றால், தெரியாது.

நான் பார்த்தது வீட்டில். இரண்டாம் வருஷம் விடுதியை விட்டு வெளியே வந்து மூன்று பேரோடு வாடகைக்கு எடுத்தேன். வந்து ஒரு மாதம் கழித்து, கத்தரிக்கோல் தேடி அடுக்களை இழுப்பறையைத் திறந்தால் முள்கரண்டிகளுக்குப் பின்னால் கைத்துப்பாக்கி. கூட இருந்த பையனுடையது, சட்டப்படி வாங்கியது. நல்ல பையன், எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அந்தக் குளிர்காலம் அவனுக்குக் காதல் முறிந்தது. சாப்பிடவில்லை, வகுப்புக்குப் போகவில்லை. நாங்கள் இரண்டு பேர் ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்ச நாள் இத உன் அண்ணன்கிட்ட குடுத்து வைப்போமா?" என்று கேட்டோம். அவன் ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினான். இன்று அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

அமெரிக்காவில் 2021ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வளாகத்துக்குள் எவனோ நுழைவான் என்று பயப்படுகிறோம், இழுப்பறையை யாரும் கேட்பதில்லை. தம்பி முதல் வருஷம் விடுதியில் இருக்கட்டும். அப்புறம் வெளியே வீடு எடுத்தால், கையெழுத்துப் போடும் முன்னால் கூட இருக்கப்போகிறவர்களிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் எதில் பூட்டி வைக்கிறாய்? இங்கே இதைக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. நம் தேசிய சேவைப் பையன்கள் சுடத் தெரிந்தவர்கள் என்று தெரிந்ததும் நண்பர்கள் சனிக்கிழமை சுடும் இடத்துக்குக் கூப்பிடுவார்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. கொஞ்ச நேரம்தானே என்று கையில் வாங்கிவிடக் கூடாது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் போகவே வேண்டாம்.

*

ஓய்வுபெற்ற என்சிக் | 21 ஏப்ரல்

தங்கச்சி, இருபத்தாறு வருஷம் ராணுவத்தில் இருந்தேன். வாரண்ட் அதிகாரியைப் பையன்கள் என்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள். உன் மகன் சொன்ன மாதிரி எத்தனையோ ராத்திரி பையன்களைப் புல்லில் தேட விட்டிருக்கிறேன். அப்போது என்னைத் திட்டியிருப்பார்கள். பரவாயில்லை.

இங்கே 1973ஆம் வருஷச் சட்டம் கடுமையானது. காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால் தூக்கு. சட்டவிரோதமாக வைத்திருந்தாலே ஐந்திலிருந்து பத்து வருஷம் சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாது. எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், தண்டனை பாதிதான். மீதிப் பாதி ஆர்ம்ஸ்கோட் கதவு, அதாவது முகாமின் ஆயுத அறைக் கதவு. பையன்கள் தூக்குகிற ஒவ்வொரு எஸ்.ஏ.ஆர் 21 துப்பாக்கிக்கும் எண் உண்டு. எடுத்தவன் கையெழுத்துப் போட வேண்டும், திரும்பி வந்ததும் ரேக்கில் எண்ணிப் பார்த்துப் பூட்ட வேண்டும். வார இறுதியில் பையன் வீட்டுக்குப் போவான், துப்பாக்கி போகாது. அந்த ஃப்ளோரிடாப் பையன் விஷயத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அது வேலை செய்கிற இடத்தின் பூட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய பொருள், வீட்டில் என்ன வேலை அதற்கு?

ஃப்ளோரிடாவில் வளாகத்துக்குள் துப்பாக்கிக்குத் தடைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். தடை இருந்தும் நடந்தது. அதனால் தடை வேண்டாம் என்று சிலர் பேசுவார்கள், அந்தப் பேச்சில் மயங்காதே. வெளிக்கதவு திறந்து கிடக்கிற வீட்டில் உள்ளறையை மட்டும் பூட்டினால் திருடன் வரத்தான் செய்வான். அதற்காக உள்பூட்டையும் கழற்றுவார்களா?

*

நதிக்கரை | 22 ஏப்ரல்

டீச்சர், இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

2007ல் நான் அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் முதுகலை மாணவி. இப்போது சிங்கப்பூரில் வேலை. ஏப்ரல் 16, திங்கட்கிழமை. வசந்த காலம், ஆனால் அன்று காற்றோடு பனித்தூறல். காலை ஏழேகால் மணிக்கு ஒரு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். எங்களுக்கு மின்னஞ்சல் வந்தது 9:26க்கு. ஒரு விடுதியில் சம்பவம் நடந்திருக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள் என்கிற அளவில். நான் அதை அறையில் தேநீர்க் கோப்பையோடு படித்தேன். படித்துவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லையே. பதினைந்து நிமிஷத்தில், 9:40 வாக்கில், நாரிஸ் ஹால் என்கிற வகுப்பறைக் கட்டடத்தில் துப்பாக்கிச் சூடு ஆரம்பித்துவிட்டது. சுட்ட மாணவன் வாசற்கதவுகளை உள்ளிருந்து சங்கிலி போட்டுவிட்டான். அந்தக் கட்டடத்தில் மட்டும் 30 பேர் இறந்தார்கள். மொத்தம் 32.

206ஆம் அறையில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் நம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். கான்பூர் ஐ.ஐ.டி, அப்புறம் பர்டியூ, அப்புறம் இருபத்தைந்து வருஷம் அந்த ஊரிலேயே ஆசிரியர். எங்கள் துறைக் கட்டடத்தில் அவர் நடந்து போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று அவரும் அவருடைய வகுப்பில் இருந்த பெரும்பாலானோரும் வீடு திரும்பவில்லை. 204ல் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு, எழுபது வயதைத் தாண்டியவர், கதவைத் தன் உடம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மாணவர்களை ஜன்னல் வழியாகக் குதிக்கவிட்டார். அவர் அங்கேயே இறந்தார். அந்த வகுப்பறைகளை உள்ளே இருந்து பூட்ட முடியாது, டீச்சர். இன்னோர் அறையில் மாணவர்கள் தரையில் படுத்துக் கையாலும் காலாலும் கதவை முட்டுக்கொடுத்துப் பிடித்ததால் பிழைத்தார்கள். இன்றைக்கும் எந்தக் கூட்ட அறைக்குள் போனாலும் என் கண் முதலில் கதவின் கைப்பிடிக்குப் போகிறது: உள்ளிருந்து பூட்டலாமா?

எனக்கு ஆறாதது அந்த இரண்டு மணி நேரம் மட்டும் இல்லை. சுட்டவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரிலேயே ஒரு நீதிமன்றம் சொல்லி, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டிருந்தது. மருத்துவமனையில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால்தான் துப்பாக்கிக் கடையின் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்குப் பெயர் போகும் என்று அப்போது வர்ஜீனியாவில் நடைமுறை. அதனால் பெயர் போகவில்லை. இரண்டு கைத்துப்பாக்கிகளை அவன் சோதனையில் தேறித்தான் வாங்கினான். அவனுடைய எழுத்தைப் பார்த்து ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள், விடுதியில் கவலைப்பட்டார்கள், காவல்துறைக்குத் தெரியும், ஆலோசனை மையத்துக்குத் தெரியும். தனியுரிமைச் சட்டம் தடுக்கிறது என்று தப்பாக நினைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. விசாரணைக் குழு இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது.

ஆகையால் பல்கலைக்கழகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது: ஒரு மாணவனைப் பற்றிக் கவலை வந்தால் ஆசிரியர் யாரிடம் சொல்வார், கூட இருக்கும் மாணவன் யாரிடம் சொல்வான், சொன்னதும் எத்தனை மணி நேரத்தில் யார் போய் அவனைப் பார்ப்பார்? எச்சரிக்கைச் செய்தி எத்தனை நிமிஷத்தில் வரும், போனுக்கு வருமா? வகுப்பறைகள் உள்ளிருந்து பூட்டுமா? கிளெரி சட்டம் என்று ஒன்று உண்டு. அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருஷா வருஷம் அக்டோபர் 1க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். கடந்த மூன்று வருஷக் குற்றக் கணக்கு, ஆயுதச் சட்ட மீறல்கள் உட்பட, அதில் இருக்கும். பல்கலைக்கழக இணையத்தளத்திலேயே கிடைக்கும்.

*

யீஷூன் டீச்சர் | 30 ஏப்ரல் 2025

எல்லாருக்கும் நன்றி. நதிக்கரைம்மா, உங்கள் பதிலை வேலை முடிந்து பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். நீங்கள் எழுதியது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது.

அறிக்கையைப் பையனும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தோம். ஆங்கிலத்தில் சிக்கிய இடங்களை அவன் விளக்கினான். அப்புறம் திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு, அங்கே காலை ஒன்பது, நானே போன் போட்டேன். மூன்று பேரிடம் மாற்றிவிட்டார்கள். மூன்றாவது பேசிய பெண் பொறுமையானவர். நடத்தையைப் பற்றிக் கவலை இருந்தால் யார் வேண்டுமானாலும் கூப்பிடத் தனி எண் இருக்கிறது, ஆசிரியர், மாணவர், பெற்றோர் யாரும் கூப்பிடலாம், பெயர் சொல்லாமலும் சொல்லலாம் என்றார். எச்சரிக்கை போனுக்கு வரும் என்றார். பூட்டுகளைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் நிறுத்தி, கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடும் என்றார். மழுப்பாமல் சொன்னதால் அவர் பேச்சை நம்பினேன். உங்கள் மகன் தேசிய சேவை செய்தவனா என்று கேட்டு, எஃப்-1 விதியை அவரே சொன்னார். ஆஸ்டின் தம்பி, நீங்கள் எழுதியது அப்படியே.

ஒரு விஷயத்தில் பையனும் நானும் வாக்குவாதம் செய்தோம். இங்கே எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது ஓடு, ஒளிந்துகொள், சொல். நான்கு வயதுப் பிள்ளைகள் மேசைக்கடியில் வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அமெரிக்காவில் மூன்றாவது வார்த்தை வேறு: ஓடு, ஒளிந்துகொள், எதிர்த்துப் போராடு. வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்றுதான் சொல்லித்தருகிறார்கள், தெரியும். ஆனாலும் அதை ஒரு மாணவனுக்குக் கற்றுத்தர வேண்டிய நிலைமைக்கு ஒரு நாடு வந்திருக்கிறதே என்று என்னால் தாங்க முடியவில்லை. பையன் சொன்னான், "மூணாவது மாறினாலும் நாலாவதா நம்ம வார்த்தைய நான் வெச்சுக்கறேன்மா. யாராச்சும் சரியில்லன்னா சொல்லிடறேன்." நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

செல்வன் தம்பி, பெர்த் பற்றி அவன் அப்பாவும் சொன்னார். அந்தப் படிவமும் எடுத்து வைத்திருந்தோம். முடிவை அவனிடமே விட்டோம். இன்று மத்தியானம் முகாமிலிருந்து போன் செய்து, "கட்டிடலாம்மா" என்றான். சாயங்காலம் கட்டிவிட்டோம். முதல் வருஷம் விடுதிதான், அதில் அவனும் ஒத்துக்கொண்டான். என்சிக் அண்ணே, நீங்கள் எழுதியதை அவனுக்குப் படித்துக்காட்டினேன். "இவர் என் என்சிக்கா இருந்தா தேடினது மூணு மணி நேரம் ஆயிருக்கும்" என்றான்.

அவனிடம் நான் வாங்கிக்கொண்ட வாக்கு ஒன்றே ஒன்று. முதல் நாள் வகுப்புகள் முடிந்ததும், எத்தனை அறைகளில் உட்கார்ந்தானோ அத்தனை அறைகளின் கதவும் உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, உள்ளிருந்து பூட்டு இருக்கிறதா என்று பார்த்து எனக்கு அனுப்ப வேண்டும். சரி என்றான்.

ஆஸ்டின் தம்பி, ஒரு உதவி. உங்கள் வீட்டு எண்ணைத் தனிமடலில் அனுப்ப முடியுமா? போனில் சேமிக்க மட்டும் இல்லை. ஒரு அட்டையில் எழுதி, அவன் பாஸ்போர்ட் உறைக்குள் வைக்கப் போகிறேன். ஆகஸ்டில் அவன் வந்து இறங்கும் அன்று அவனுக்கு ஒரு வேளை சோறு போட முடிந்தால், நான் இங்கே தூங்குவேன்.